ஐயோ அண்ணன் போட்ட கையெழுத்து

இலங்கையின் தலவாக்கலையைச் சுற்றியுள்ள மலைகளில் என்னென்ன பயங்கள் உண்டோ, அத்தனையையும் ஒரே ஆளாகக் குத்தகைக்கு எடுத்திருந்தவர் எங்கள் ஐயோ அண்ணன். அட்டைக்குப் பயம். சிறுத்தைக்குப் பயம். சிறுத்தையைப் பிடிக்க வரும் அதிகாரிக்கு இன்னும் அதிகப் பயம். பஸ்ஸில் கண்டக்டர் பக்கத்தில் வந்தாலே போதும், டிக்கெட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, எடுத்துட்டேங்க!" என்பார். அந்த 'ஐயோ'வே அவருக்குப் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

பஜாரில் இருந்த ஒரு கொமியுனிகேஷன் கடையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். நான் போட்டோ எடுப்பேன், ஃபோட்டோகொப்பி அடிப்பேன். அவர் மனு டைப் செய்வார். அவருடைய சிங்கள மனுவுக்காகச் சிங்கள ஆட்களே வந்து காத்திருப்பார்கள். ஆனால் டைப் செய்தவர் யார் என்று எவரிடமும் சொல்வதில்லை எனச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் தாளைக் கையில் கொடுப்பார்.

சீருடையைக் கண்டால் உயிரே போய்விடும். தபால்காரர் வந்தாலும் எழுந்து நிற்பார். யுத்த காலத்தில் கொழும்பில் வேலை பார்த்தபோது, லொட்ஜில் சோதனைக்கு வந்த சீருடைக்காரர்கள் பெயரையும் ஊரையும் கேட்டு, நம்பாமல் கொண்டுபோய் மூன்று நாள் வைத்திருந்தார்களாம்.

"அடிச்சாங்களாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"டீ கூடக் குடுத்தாங்க தம்பி" என்றார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு டைப் செய்யத் தொடங்கினார்.

எங்கள் கடைக்கு எதிரே இருந்த பேங்கில் காவலுக்கு இருந்தவர் பண்டார. சிங்களவர், முன்னாள் இராணுவச் சிப்பாய். வடக்கில் மிதிவெடியில் சிக்கி, வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. போட்டிருந்த செயற்கைக் காலும் பழசாகி விரிசல் விட, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார். புதுக் கால் கேட்டு, முன்னாள் படையினரின் நலன் பார்க்கும் ஒரு காரியாலயத்துக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டிருந்தார். பதில் இல்லை. ஃபோனில் கேட்டபோது, "ஃபைல் மேலே போயிருக்கு" என்றார்களாம்.

"மேல எண்டா எங்க? கடவுள்கிட்டயா?" என்று தன் அரைகுறைத் தமிழில் எங்களிடம் கேட்டார்.

ஒருநாள் மழையில் எங்கள் கடைப் படியில் வழுக்கி விழுந்தார். டியூப் அறுந்து, கால் தனியாகக் கழன்று, உருண்டு வந்து ஐயோ அண்ணனின் மேசைக்கடியில் நின்றது. அண்ணன் நாற்காலி மேல் ஏறிவிட்டார். "ஐயோ! கால் வருது! கால் வருது!"

நான் பண்டாரவைத் தூக்கி உட்கார வைத்தேன். அண்ணன் மெல்ல இறங்கி, அந்தக் காலை இரண்டு கையாலும் எடுத்தார். உள்ளே திணித்திருந்த துணி முழுக்க இரத்தம். புதியதும் பழையதும். அந்தக் காலைத் தன் டைப் மேசை மேல் வைத்தார்.

"தகவலறியும் சட்டத்துல கேப்போங்க" என்றார். "கேட்டா பதில் சொல்லியே ஆகணும்."

பண்டார பதறிப்போனார். "என் பேர் வேணாம் அண்ணே. ஒப்பீஸ் பெரிய சேர்மாருக்குக் கோவம் வரும். பிறகு இந்தக் காலும் இல்ல."

"வேற ஆள் பேர்ல கேக்கலாமா?" என்றேன் நான்.

"இந்த நாட்டுப் பிரஜை யாரும் கேக்கலாம்" என்றார் அண்ணன். சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. என்னைப் பார்த்தார். நான் அவசர அவசரமாகக் கொப்பி மெஷினைத் துடைக்கத் தொடங்கினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கம்.

அவரே டைப் செய்தார். காலிழந்த முன்னாள் சிப்பாய்கள் புதுக் காலுக்கு எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும்? இந்த மாவட்டத்தில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்? தாமதத்துக்குப் பொறுப்பான அதிகாரி யார்? அடியில் சொந்தப் பெயர், சொந்த விலாசம். கையெழுத்து, பூமியதிர்ச்சியைக் கருவி வரைந்ததுபோல் இருந்தது.

தபாலில் போட்ட மறுநாளே, சாரம், துவாய், பற்பசை எல்லாம் அடங்கிய பையோடு வேலைக்கு வந்தார். "பிடிச்சுக் கொண்டு போனா அங்க ஒண்ணும் குடுக்க மாட்டாங்க தம்பி." பெரிய மனிதர் எவரையோ ஏற்றிக்கொண்டு நுவரெலியாவுக்கு ஹெலிகொப்டர் பறந்தால், மேசைக்கடியில் போய்விடுவார். முதலில் சிரித்தேன். பிறகு, வாசலில் நிழல் விழுந்தால் நானும் திரும்பித் திரும்பிப் பார்க்கத் தொடங்கினேன்.

மூன்றாவது வாரம் ஒரு ஜீப் வந்து நின்றது. சாதாரண உடுப்பில் இரண்டு பேர். திரும்பிப் பார்த்தால் அண்ணனைக் காணோம். நான் போட்டோ எடுக்கும் மூலையில் தொங்கிய நீலத் திரை மட்டும் காற்றில்லாமலே ஆடியது.

வந்தவர்களில் உயரமானவர் அண்ணனின் பெயரைச் சிங்களத்தில் வாசித்து, "யார்?" என்றார். நான் கொப்பி மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் டைப் மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீதானா?" என்று என் தோளில் கையை வைத்தார்.

திரை விலகியது. "ஐயோ, அந்தத் தம்பி இல்லைங்க சேர். நான்தான் எழுதினேன்" என்று சிங்களத்தில் சொல்லிக்கொண்டு அண்ணன் வெளியே வந்தார். பை தோளில். பல் கிடுகிடுவென்று அடித்தது.

"தமிழ் ஆளான உனக்கு ஆமிக்காரனின் காலைப் பற்றி என்ன கவலை? யார் எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. எதிர்ல வேல செய்றாரு. அவரு நடக்குறதைத் தினமும் பாக்குறேன்."

அவர்கள் திரும்பத் திரும்ப அதையே கேட்டார்கள். அண்ணன் நடுங்கி நடுங்கி அதையே சொன்னார். பண்டார எதிர்ப்பக்கம் பேங்க் வாசலைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தபடி இருந்தார். கடைசியில் அவர்கள் அண்ணனின் அடையாள அட்டையை வாங்கிக் கொப்பி எடுக்கச் சொன்னார்கள். முன்பக்கத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.

"ஐயோ தம்பி, ரெண்டு பக்கமும் எடுங்க" என்றார் அண்ணன். பிறகு அவர்களிடம் திரும்பி, "ஒரு பக்கம்னா ஒப்பீஸ்ல ஏத்துக்க மாட்டாங்க சேர்" என்றார்.

உயரமானவர் அவரை ஒரு மாதிரி பார்த்தார். இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஜீப் மறைந்ததும் அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுப்ப இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. அதிகாரியின் பெயர் இல்லை. காத்திருப்பவர்களின் எண்ணிக்கை மட்டும் இருந்தது. ஆனால் அதே வாரத்தில், அளவு எடுக்க வரும்படி பண்டாரவுக்கு அழைப்பும் வந்தது. புதுக் காலில் அவர் படியேறி வந்தபோது அண்ணன் தலை நிமிராமல் டைப் செய்துகொண்டிருந்தார். மீதிப் பேருக்கு எப்போது என்று கேட்டு அடுத்த விண்ணப்பம். அடியில் மறுபடியும் சொந்தப் பெயர், சொந்த விலாசம்.

நான் இப்போது கொழும்பில் இருக்கிறேன். அண்ணன் அங்கேயே இன்னும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் அவருக்கு ஃபோன் எடுப்பேன். பேசப் பெரிதாக விஷயம் எதுவும் இருக்காது. மணி அடித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் அவர் "ஹலோ" சொல்லும்வரை எனக்கு மூச்சு வராது.