வெடியரின் செய்தித் தமிழ்

மன்னார்த் தீவிலும் சரி, பெருநிலத்திலும் சரி, வெடியரைப் போல ஏசத் தெரிந்த மனிதர் இருந்ததில்லை. இனி இருக்கப் போவதுமில்லை. இடம்பெயர முன்பும் மீள்குடியேறிய பின்பும் கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்தில் நான் அவருக்கு அடுத்த வளவு. காலை ஐந்தரைக்கு முதலாவது ஏச்சு. என் மணிக்கூட்டை அதைக் கேட்டுத்தான் திருத்துவேன். மாட்டுக்கு ஏசுவார், மழைக்கு ஏசுவார், தண்ணீர் விடாத வாய்க்கால் கதவுக்கு ஏசுவார். மன்னார் பஸ் நிலையத்தில் படுத்திருக்கும் கழுதைகள் அவர் இறங்குவதைக் கண்டால் தாமாகவே எழும்பும். இதை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஒருமுறை சோதனைச் சாவடிச் சிப்பாய்க்கும் ஏசினார். தமிழ் தெரியாத அந்தப் பிள்ளை, வாழ்த்துகிறார் என்று நினைத்துக் கும்பிட்டது.

ஆனால் ஏச்சில் பெரும்பங்கு அவர் மனைவி பாக்கியமக்காவுக்குத்தான். அக்காவும் இலேசுப்பட்ட ஆளல்ல. "கத்துங்கோ, கத்துங்கோ. தொண்டை கிழிஞ்சால் நான்தானே கொத்தமல்லி அவிக்கவேணும்" என்பார்.

கடைசி இடப்பெயர்வில் பதுங்குகுழிக்கு அருகே ஷெல் விழுந்தது. அக்காவின் இரண்டு காதுகளும் போயின. ஊர் திரும்பிய பிறகு வெடியர் முன்னைவிடச் சத்தமாக ஏசினார். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். "விசரி" என்ற ஒரு சொல்லை மட்டும் உதட்டில் பிடித்துக்கொண்டு, "ஓம், உங்களைக் கட்டின நான் விசரிதான்" என்பார். மற்றதெல்லாம் வீண். எழுதிக் காட்டலாம் என்றால், வெடியருக்குக் கையெழுத்துக்கு மேல் எழுத வராது.

கனடாவிலிருக்கும் மகள் ஒரு போன் அனுப்பினாள். "செயற்கை நுண்ணறிவு, அப்பா. நீங்கள் கதைக்கிறதை எழுத்தாக்கி அம்மாவுக்குக் காட்டும்" என்றாள். வெடியர் பத்து நிமிடம் அதற்குள் ஏசினார். ஒரு எழுத்துக்கூட விழவில்லை.

"தம்பி, என்ரை ஏச்சை வாங்கிக்கொண்டு இவ்வளவு நேரம் சும்மா இருந்தது இது ஒண்டுதான்" என்றார் என்னிடம்.

அந்த நேரம் என் வீட்டு வானொலியில் மத்தியானச் செய்தி போய்க்கொண்டிருந்தது. போன் அதை ஒரு சொல் தவறாமல் எழுதியது. அக்கா வாசித்து மலைத்தார்.

வெடியர் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப, பிழை எங்கடை வாயிலைதான்" என்றார்.

அன்றிலிருந்து மூன்று நேரமும் என் வீட்டுக்கு வந்து செய்தி கேட்டார். வாசிப்பவருக்குப் பின்னால் வாயசைத்தார். நாலாம் மாதம் அக்காவுக்குப் போனில் விழுந்த வசனம்: "தேநீரில் சீனி குறைவாகக் காணப்படுகின்றது."

அக்கா அழுதுவிட்டார். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு, கணவர் சொன்ன ஒரு வசனம் முழுதாக வந்து சேர்ந்திருந்தது.

பழகிய வாய் வெளியிலும் அப்படியே பேசியது. மீன் சந்தையில், "இப்பாரை மீன் எப்பொழுது பிடிக்கப்பட்டது?" என்று கேட்டார்.

மீன்கார நானா சுற்றுமுற்றும் பார்த்தார். "என்ன அண்ணை, பின்னாலை மந்திரிமார் ஆரும் வருகினமோ?"

பஸ் நிலையத்தில் கழுதையிடம், "தயவுசெய்து வழிவிடவும்" என்றார். கழுதை அசையவில்லை. கடைசியில் வெடியர்தான் சுற்றிப் போனார்.

ஒருநாள் அக்கா வேலியடிக்கு வந்தார். காது கேளாததால் அவருடைய இரகசியமும் ஊருக்கே கேட்கும். "தம்பி, இந்தப் போனுக்குள்ளை இருக்கிற மனுசன் ஆர்? நல்ல மனுசன். ஒருநாளும் கோவிக்கிறேல்லை. ஆனால் நான் கலியாணம் கட்டினது இவரை இல்லை."

நான் ஒரு தாளில், 'அதை அவரிடமே சொல்லுங்கோ' என்று எழுதிக் காட்டினேன்.

அக்கா நேரே போய் வெடியரின் கையிலிருந்த போனை வாங்கி அலுமாரிக்குள் வைத்தார். "இப்ப எனக்கு ஏசுங்கோ. முந்தி மாதிரி. விளங்காட்டிலும் பரவாயில்லை" என்று அவர் முன்னால் நின்றார்.

வெடியர் வாயைத் திறந்தார். வேலிக்கு இப்பால் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அக்கா அவருடைய உதட்டையே பார்த்தார்.

"நீர்... இவ்வாறு நடந்துகொள்வது... வருந்தத்தக்கது" என்றார் வெடியர்.

அக்காவால் ஒரு சொல்லைக்கூடப் பிடிக்க முடியவில்லை. "சரி, விடுங்கோ" என்று அலுமாரியைத் திறந்து போனைத் தானே எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

அடுத்த மாரியில் அக்கா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். வெடியர் படலையடியில் நின்று எங்களிடம், "எனது துணைவியார் இன்று காலை காலமானார்" என்றார். இளசுகள் இரண்டு பேர் சிரிப்பை அடக்க முடியாமல் அப்பால் போனார்கள். அவர் தொண்டையில் வேறு தமிழ் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரை ஏசவைக்க ஊரே முயன்றது. நானும்தான். ஒருநாள் அவருடைய வயலுக்குப் போகும் வாய்க்காலை வேண்டுமென்றே மறித்தேன். முன்பென்றால் என் பரம்பரைக்கே கிடைத்திருக்கும். அரை மணித்தியாலத்தில் வந்தார். மறிப்பைப் பார்த்தார். மண்வெட்டியுடன் நின்ற என்னையும் பார்த்தார்.

"நீர் விநியோகம் தடைப்பட்டுள்ளது" என்றார் மெல்ல.

நான் மறிப்பை வெட்டிவிட்டேன். தண்ணீர் பாய்ந்தது.

"தடங்கலுக்கு வருந்துகின்றோம், அண்ணை" என்றேன். அன்றிலிருந்து நானும் அவரோடு அந்தத் தமிழில்தான் பேசுகிறேன்.