சில்லறையின் கால அட்டவணை

அன்புள்ள தங்கை மகளுக்கு,

உன் மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தையும் சுகம். போன இடத்தில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, படிப்பில் கருத்தாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்த வீட்டில் சுகம் விசாரிக்க வேண்டிய இன்னொரு ஜீவன் உண்டு. அதைப் பற்றித்தான் கடிதம். போனில் சொன்னால் நீ அழுவாய். அப்போது என்ன சொல்வதென்று எனக்குத் தெரியாது. அதனால் தபால்.

நீ எங்களிடம் விட்டுப்போன சில்லறை இனிமேல் எங்களைப் போலப் பகலில் விழித்திருந்து இரவில் உறங்க வேண்டும் என்று நம் வீட்டுக் கூடத்தில் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் நானும் உன் அத்தையும். சில்லறை தூங்கிக்கொண்டிருந்ததால் அதன் கருத்து பதிவாகவில்லை.

பொறுப்பில்லாமல் எடுத்த முடிவு என்று நினைத்துவிடாதே. எதையும் நாலு பேரைக் கேட்டுத்தான் செய்வேன் என்பது உனக்குத் தெரியும். மாடி வீட்டுப் பல் டாக்டரைக் கேட்டேன். மீன்தொட்டிக் கடைக்காரரைக் கேட்டேன். "எல்லாம் பழக்கந்தான் சார், மீனே பழகுது" என்றார். சில்லறையின் இனமான சுகர் கிளைடரை வளர்ப்பவர் யாரையும் கேட்கவில்லை. அவர்கள் பிராணியின் பக்கமே பேசுவார்கள் என்று பட்டது. நீ கிளம்பும்போது, "உங்களுக்கு எது சரின்னு படுதோ செய்யுங்க மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அந்த வாக்கியத்தை மட்டும் நீ சொல்லியிருக்கக் கூடாது.

பஸ் டிப்போவில் கால அட்டவணை போட்டே ஓய்வு பெற்றவன் நான். ஒரு வண்டியின் நேரத்தை ஒரேயடியாக மாற்றினால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள். கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளினால் யாருக்கும் தெரியாது. சில்லறைக்கும் அதே முறைதான். சாப்பாட்டு நேரத்தை நாளுக்கு நாள் முன்னால் நகர்த்தி, நள்ளிரவிலிருந்து மாலைக்கும், மாலையிலிருந்து மதியத்துக்கும் கொண்டுவந்தேன். பகலில் கூண்டுக்கு மேல் விளக்கு, இரவில் கனத்த போர்வை. தூக்கத்தில் எழுப்பினால் கிளம்ப மறுக்கும் பழைய ஸ்கூட்டர் மாதிரி ஒரு சத்தம் போடும். மாறுதலுக்கு எந்த டிப்போவிலும் எதிர்ப்பு இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். உன் அத்தை மட்டும், "நீங்க போட்ட நேரத்துக்கு பஸ்ஸே வந்ததில்ல, அணில் மாதிரி இருக்கிறது வந்துடுமா?" என்றாள். தீர்மானத்துக்குக் கை தூக்கியவள் அவளும்தான் என்பதை நினைவூட்டினேன்.

அரைத்தூக்கத்தில் இருக்கும் பிராணி எதைத் தின்னும்? இனிப்பைத்தான். நீ சொல்லிவிட்டுப் போன சுண்ணாம்புச் சத்துப் பொடி கலந்த உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. திராட்சையை நீட்டினால் கண்ணைத் திறக்காமலே வாங்கிக்கொண்டது. நன்றாகச் சாப்பிடுகிறது என்று உனக்குப் போனில் சொன்னேனே, அது இதுதான். போன மாதம் ஒரு நாள் திரைச்சீலைக் கம்பியிலிருந்து என் சட்டைப்பையை நோக்கித் தாவியது. எப்போதும் போல் சவ்வை விரித்து மிதந்து வரும் என்று பையை விரித்துப் பிடித்தபடி நின்றேன். பாதி வழியில் விழுந்தது. பின்னங்கால்கள் இரண்டையும் இழுத்துக்கொண்டே தரையில் ஊர்ந்து வந்து என் செருப்புக்குள் ஏறிப் படுத்தது. என் மேல் அதற்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

நாய் பூனை பார்க்கும் டாக்டர் ஒருவர், எலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். பறவைகளையும் சின்னப் பிராணிகளையும் பார்க்கும் ஒரு டாக்டரம்மா ஊரின் அந்தக் கோடியில் கிடைத்தார்.

"ராத்திரி முழிக்கிற ஜீவன் இது. யாரு பகல்ல எழுப்பினது?"

"நான்தான் டாக்டர். படிப்படியாத்தான் எழுப்பினேன்."

"படிப்படியா முடக்கியிருக்கீங்க. எலும்புல சத்தே இல்ல. சரி, கூட இன்னொண்ணு இருக்கா?"

"நாங்க ரெண்டு பேர் இருக்கோம்."

"அதே இனத்துல கேட்டேன். தனியா வச்சா இதுங்க ஏங்கியே போயிடும்."

"இவரு எந்த இனம்னு எனக்கே இன்னும் தெரியல டாக்டர்" என்றாள் உன் அத்தை. யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

ஊசி போட்டார்கள். விளக்கை எடுத்துவிட்டோம், பழைய நேரத்துக்கே திரும்பிவிட்டோம். பொடி கலந்த உணவை இரவில் நானே ஊட்டுகிறேன். கால்களில் கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. நடக்கும் என்கிறார் டாக்டரம்மா. தாவுமா என்று கேட்டேன். பார்க்கலாம் என்றார். டிப்போவில் வண்டி வராதபோது நான் சொன்ன வார்த்தையும் அதுதான்.

ஆகவே கண்ணு, இந்த முறை விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டு முடிவெடுத்திருக்கிறேன். டாக்டரம்மாவுக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவர் இவற்றைக் கூட்டமாக வளர்க்கிறார். இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து சில்லறையைக் கூட்டிக்கொண்டு போவார். நான் இதை வளர்க்கத் தகுதியில்லாதவன். இனி இந்த வீட்டில் பிராணியும் கிடையாது, தீர்மானமும் கிடையாது. முடிந்தால் மன்னித்துவிடு. முடியாவிட்டாலும் உடம்பைப் பார்த்துக்கொள். உனக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும். அத்தையின் ஆசியும் இதோடு வருகிறது.

உன் மாமா

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. தையல்காரரும் வந்தார். என் சட்டைப்பைக்குள் கிடந்த சில்லறையை எட்டிப் பார்த்தார். "கால் தேறாம இடம் மாத்துனா தாங்காது சார். துணைதானே வேணும்?" என்று சொல்லி, கூட்டத்தில் மற்றவற்றிடம் கடி வாங்கிக்கொண்டிருந்த ஒரு கிழட்டுக் கிளைடரை விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒன்றையொன்று முகர்ந்து பழகும்வரை இரண்டு கூண்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. வெளியே விட்டால் கிழம் திரைச்சீலைக் கம்பியிலிருந்து நன்றாகத் தாவுகிறது. சில்லறை இன்னும் தாவவில்லை. பையிலிருந்து தலையை நீட்டிப் பார்க்கிறது. நீ போன் செய்வதானால் இருட்டிய பிறகு செய். பகலில் இந்த வீட்டில் யாரும் விழித்திருப்பதில்லை.