திறக்காத லிங்க்கும் வழிந்த கண்ணீரும்

பேரன்புக்குரிய மைத்துனருக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் நலத்தையும், மரக்கடையின் நலத்தையும், உங்கள் கண்ணீரின் நலத்தையும் அறிய ஆவல். கடைசியில் சொன்னதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உங்கள் தகப்பனாரைப் பற்றி நான் எழுதிய கட்டுரையை என் மருமகன் இணையத்தில் ஏற்றித் தந்தார். அதன் முகவரி சரக்கு ரயில் போல நீண்டதால், சுருக்கித் தரும் தளம் ஒன்றையும் காட்டினார். "இதுல இன்னொரு வசதி இருக்கு மாமா. லிங்க்கை எத்தனை தடவை திறந்தாங்கன்னு கணக்கு காட்டும்" என்றார். பாவம், யாரிடம் சொல்கிறோம் என்று யோசிக்கவில்லை. ஆயுள் முழுக்க வருகைப் பதிவு எடுத்த கை இது. எல்லாருக்கும் ஒரே லிங்க் கொடுத்தால் யார் வந்தார், யார் மட்டம் போட்டார் என்று எப்படித் தெரியும்? ஆகவே ஆளுக்கொரு லிங்க் செய்து அனுப்பினேன்.

அனுப்பிய விரலை எடுப்பதற்குள் சித்தப்பாவிடமிருந்து "ஆழமான சிந்தனை" என்று பதில். அவர் லிங்க்கைப் பார்த்தேன்: பூஜ்யம். என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியார் "இரண்டு முறை படித்தேன்" என்று எழுதினார். பூஜ்யத்தை இரண்டால் பெருக்கினால் என்ன வரும் என்று அவருக்கா நான் சொல்லித்தர வேண்டும்? அப்புறம் நீங்கள் போன் செய்தீர்கள். "அத்தான், அப்பா எதிர்ல வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. அழுதுட்டேன். பிரிண்ட் போட்டுக் கடையில மாட்டப் போறேன்." உங்கள் லிங்க்கும் பூஜ்யம்!

ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் புத்தகத்தையே திறக்காமல் "புரிஞ்சுது சார்" என்பான் ஒருவன். அவனை மன்னித்திருக்கிறேன், ஏனென்றால் அவன் கூடவே அழுது காட்டவில்லை. போங்க மச்சான், போங்க! பெத்த அப்பாவைப் பத்தி எழுதியிருக்கேன், ஒரு விரலால தொடக்கூட மனசு வரலையா? மரத்துக்கு மெருகு போடுற மாதிரி துக்கத்துக்கும் போடுறீங்களே! கட்டுரையை மாட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்காவை மட்டும் பஸ் ஏற்றிவிடுகிறேன். இனி உங்கள் வாசலை நான் மிதிக்கப் போவதில்லை.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கு என்ன சொல்வதென்று பிறகு யோசிக்கிறேன்.

இப்படிக்கு,
இதுவரை உங்கள் அத்தான்

பி.கு.: கடிதத்தை உங்கள் அக்கா பிடுங்கிப் படித்துவிட்டாள். "சுருக்கின லிங்க் யார் அனுப்பினாலும் தொடாதீங்க, பேங்க்ல இருக்கிறது மொத்தமும் போயிடும்னு போன மாசம் குடும்பத்தையே, கூட அந்தக் கணக்கு வாத்தியாரையும் உக்கார வெச்சுப் பாடம் எடுத்தது யாரு?" என்றாள்.

"அப்போ இவங்கெல்லாம் எப்படிப் படிச்சாங்க?"

"பயந்துபோய் என்னைக் கேட்டாங்க. நீங்க கையால எழுதினதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். தம்பிக்குக் கண்ணாடி உடைஞ்சு கிடந்துச்சு, போன்லயே படிச்சுக் காட்டினேன். பாதியிலயே நிறுத்தச் சொல்லி அழுதான்."

"சித்தப்பாவுக்கும் அனுப்பினியா?"

"அவர் கேக்கவே இல்ல."

கடிதத்தைக் கிழிக்கப் போனேன், விடவில்லை. "அப்படியே அனுப்புங்க, அழுதவன் சிரிக்கட்டும்" என்று அவளே உறையில் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். ஆணி அடிக்க யாராவது வேண்டுமே. அதற்குள் இது வந்து சேர்ந்தால், மச்சான், தயவுசெய்து பிரிக்காதீர்கள். பிரிக்காமலே "அருமை அத்தான்" என்று ஒரு வரி அனுப்பிவிடுங்கள். நம்பிக்கொள்கிறேன்.