கீழ் வீட்டுச் சூரியன்

பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒரு கடிதம் எழுதவே இரண்டு தாளைக் கிழிப்பேன். அப்படிப்பட்டவள் கட்டுரை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் அத்தான் எதையும் வாசிப்பதில்லை என்ற ஒரே தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இத்தாலியின் பலெர்மோவில், லிபெர்த்தா பக்கம் மூன்று வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறேன். அங்குள்ள வீட்டு அம்மாக்கள், சின்யோராக்கள், வயர் இல்லாத வக்கியூம் கிளீனரை இரண்டு வருடத்தில் வீசிவிடுவார்கள். ஒருநாள் அப்படி வீசிய ஒன்றின் பற்றரியைக் கொண்டுவந்து திறந்து பார்த்தேன். உள்ளே பெருவிரல் அளவில் ஏழு செல்கள். ஐந்தில் நல்ல உயிர் இருந்தது. இரண்டு கெட்டதற்காக ஏழையும் வீசியிருக்கிறார்கள். மற்ற ஐந்தும் என்ன பாவம் செய்தன என்ற யோசனை என்னை விடவில்லை.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்தேன். ஒவ்வொரு செல்லுக்கும் முழுதாகச் சார்ஜ் ஏற்றி, முழுதாக இறக்கி, எவ்வளவு பிடிக்கிறது என்று அளக்க வேண்டும். ஒன்றுக்கே அரை நாள் போகும். சில செல்கள் நிறைந்திருப்பதாகக் காட்டும். வேலை கொடுத்ததும் படுத்துவிடும். (எங்கள் சொந்தத்திலும் சிலர் உண்டு.) அளந்தவற்றில் எண் எழுதி முட்டை அட்டையில் அடுக்கினேன். ஒரு வருடத்தில் அறுபது சேர்ந்தன. பல்கனியில் ஒரு பழைய சோலார் பனல், அதன் கீழே, அந்தக் கறண்டைச் சேமிக்கச் செல்களை அடுக்கும் ஒரு மரப்பெட்டி. என் வீட்டுக்காரருக்குக் கால் வைக்க இடமில்லை.

அப்போதுதான் தைப்பொங்கல் வந்தது. பிரான்காச்சோவில் எங்கள் மாடிக் குடியிருப்பில் பல்கனியில் நெருப்பு மூட்டக் கூடாது. பதினெட்டு வருடமாகச் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சமையலறைக்குள்தான் பொங்கினோம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"இஞ்சரப்பா, இந்த முறை பல்கனியிலை பொங்குவம். கறண்ட் அடுப்பிலை. சூரியன் தந்த கறண்டிலையே சூரியனுக்குப் பொங்கல்."

அவர் பெட்டியைப் பார்த்தார். "பால் பொங்கினால் உன்ர பெட்டி இருக்கட்டும். பொங்காட்டி முழுக்கக் குப்பைக்குப் போகோணும். சம்மதமோ?"

"ஓம்," என்றேன்.

பெட்டிக்கு வரிசைக்குப் பத்தாக ஏழு வரிசை வேண்டும். பத்துச் செல் குறைந்தது. பொங்கலுக்கு முதல் நாள் அக்காவின் கணவர், அதாவது அத்தான், ஒரு பையோடு வந்தார். உள்ளே சரியாகப் பத்து.

"முதல் தரம், பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு போடு."

ஏற்றிப் பார்த்தேன். எல்லாம் நிறைந்ததாகவே காட்டின. இறக்கி அளக்கிற மெஷின் கையெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் தந்தவர் எதிரே கதிரையில் இருக்கிறார். பரிசாக வந்த மோதிரத்தை அவர் கண் முன்னாலேயே உரைத்துப் பார்ப்பதா? அத்தான் மூன்று தேத்தண்ணி குடித்தார். ஏழாவது வரிசையை நான் ஒட்டி முடித்த பிறகுதான் எழுந்தார்.

பொங்கலன்று காலை நல்ல வெயில். பன்னிரண்டு பேர் பல்கனிக் கதவடியில் நெருக்கியடித்து நின்றார்கள். நான் பானையை வைத்தேன். பால் சூடேறி ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழ் வந்தது. பெட்டி 'டிக்' என்றது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

ஆறு நிமிடம்தான் ஓடியிருந்தது. ஒரு வரிசை விழுந்தாலும் பாதுகாப்புப் பலகை முழுப் பெட்டியையும் நிறுத்திவிடும். எந்த வரிசை என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது.

அத்தான் குனிந்து பார்த்தார். "என்ர பத்தும் தாங்கியிருக்கும். உன்ர அறுபதிலைதான் எங்கையோ பிழை, பிள்ளை."

வீட்டுக்காரர், குப்பைத் தொட்டிக்குள் பெட்டி நிமிர்ந்து போகுமா, சரித்துத்தான் போகுமா என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

பல்கனிப் பக்கம் எங்களுக்குப் பிளக் இல்லை, உள்ளேயிருந்து இழுக்க நீள வயரும் இல்லை. பஸ்ஸில் மணி அடிக்க வெட்கப்பட்டு அடுத்த தரிப்பில் இறங்கி நடந்து வருகிறவள் நான். அன்று பல்கனிக் கம்பிமேல் சாய்ந்து கீழ் வீட்டுக்காரியை இத்தாலிய மொழியில் பெரிய சத்தத்தில் கூப்பிட்டேன். "சின்யோரா ரோசா, கொஞ்சம் கறண்ட் தருவீங்களோ?"

ரோசா எட்டிப் பார்த்தாள். "எவ்வளவு நேரத்துக்கு?"

"பால் வழியிற வரைக்கும்."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. பேக்கரிக்காரனிடம் பாண் வாங்க இறக்கும் கூடையைக் கயிற்றில் இறக்கினேன். பாண் வருகிற கூடையில் அன்று ஒரு நீள வயரின் நுனி ஏறி வந்தது. அடுப்பை அதில் மாட்டினேன்.

பால் பொங்கியது. பொங்கிய வேகத்தில் பல்கனி விளிம்பால் வழிந்து, கீழே ரோசா காயப்போட்டிருந்த வெள்ளை விரிப்பிலும் விழுந்தது.

"இது என்ன?" என்றாள் ரோசா.

"அதிர்ஷ்டம்," என்றேன்.

"பதினெட்டு வருசமா உங்கட வீட்டிலயிருந்து தண்ணிதான் ஒழுகினது. இது பரவாயில்லை. எனக்கும் ஒரு தட்டு அனுப்பு."

பொங்கல் ஆகிப் பரிமாறியதும் எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள். அவர் பொங்கலை வாயில் போட்டு மென்று முடித்தார். "பால் பொங்கினால் எண்டுதானே சொன்னனான். எந்தச் சூரியன் எண்டு சொல்லேல்லை."

பெட்டி தப்பியது. இன்றைக்கும் வீட்டில் கறண்ட் போனால் பிள்ளைகள் கூடையைத் தூக்கிக்கொண்டு, "அம்மா, கீழை சூரியன் இருக்கோ?" என்பார்கள். அத்தான் வருகிறவர்களிடமெல்லாம் தன் பத்துச் செல்லின் பெருமையைச் சொல்லுவார். நான் தேத்தண்ணி ஊற்றப் போய்விடுவேன்.

பொங்கலுக்கு மறுநாள் வேலை முடிந்து வந்து, ஏழாவது வரிசையைக் கழற்றி மெஷினில் வைத்தேன். ஒரு செல்லுக்கே அரை நாள் பிடிக்கிற சோதனை, பத்துக்கும் சேர்த்து ஒரு மணித்தியாலத்தில் முடிந்துவிட்டது.