ஒத்த விசிலும் என் லேமினேஷன் மிஷினும்

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் என் ஜெராக்ஸ் கடையின் வியாபாரத்தைக் கெடுக்க உலகத்தில் ஒரே ஒரு மனிதரால்தான் முடிந்தது. மின்வெட்டால் முடியவில்லை. எதிர்வரிசையில் கலர் ஜெராக்ஸ் போட்டவனால் முடியவில்லை. எழுபது வயதைத் தாண்டிய 'ஒத்த விசில்', என் கடை முக்காலியில் உட்கார்ந்தபடியே அதைச் சாதித்தார்.

வேடசந்தூர் தடத்தில் கண்டக்டராக இருந்தவர். ஒரு விசில் கொடுத்தால் பஸ் நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் கிளம்ப வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த விதி. நம்மாள் முதல் விதியோடு நின்றுவிட்டவர். தூரத்தில் வேப்பங்கிளை அசைந்தாலும் யாரோ கை காட்டுகிறார்கள் என்று நிறுத்திவிடுவார். அவர் பஸ்ஸில் ஏறினால் மில்லுக்கு அரை ஷிப்டு போய்விடும் என்று சைக்கிளிலேயே போனவர்கள் உண்டு. அப்படி வந்த பெயர் ஓய்வு பெற்ற பிறகும் ஒட்டிக்கொண்டது. விசிலும்தான்.

என் கடையில் அவருக்கு வேலை என்னவென்றால், பழைய காகிதம் எதுவும் லேமினேஷன் மிஷினுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது. யாராவது பழுப்பேறிய தாளை நீட்டினால் போதும், காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு விசில் வரும்.

"ஏன்யா, நெஞ்சு நின்னுபோச்சு" என்றார் ஒருநாள் பட்டாவோடு வந்த ஒருவர்.

"நிக்கத்தான் ஊதுனேன். இது எந்த வருசத்துக் காகிதம்?"

"தாத்தா காலத்துது. பத்திரமா இருக்கட்டும்னு பிளாஸ்டிக் போட வந்தேன்."

"பத்திரமாவா? சூட்டுல வெந்துரும்யா. பொறகு பிரிக்கவும் முடியாது. தாத்தாவ அடுப்புல வைப்பியா? தாத்தா பட்டாளத்துக்குப் போனாரா?"

"இல்ல."

"சரி, அப்ப ஒரு கவர்ல போட்டு வையி. போ."

இப்படி ஒரு நாளைக்கு நாலு பேரை அனுப்பிவிடுவார். நானும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல எனக்கு வாய் கிடையாது, ஏனென்றால் அவரை அந்த முக்காலியில் உட்கார வைத்ததே நான்தான்.

அவருடைய அப்பா சவரிமுத்து இரண்டாம் உலகப்போரில் பட்டாளத்தில் இருந்தவர். மகனுக்கு முகம் பதியும் முன்பே இறந்துபோனார். அம்மாவும் போன பிறகு தகரப்பெட்டியைத் திறந்தபோது, அப்பா பட்டாளத்திலிருந்து விடுபட்டு வந்தபோது கொடுத்த சர்டிபிகேட் நாலாக மடித்துக் கிடந்திருக்கிறது. அந்த வாரமே அதை என்னிடம் கொண்டுவந்தார்.

"அப்பு, எங்கப்பன் சொத்துன்னு இது ஒண்ணுதான். நல்லாப் போட்டுக் குடு. பொறகு இங்கிலீசு தெரிஞ்ச ஆளுகிட்ட குடுத்து, எந்தச் சீமையில சண்டை போட்டாருன்னு படிக்கச் சொல்லணும்."

நான் அதைக் கவருக்குள் வைத்து மிஷினில் விட்டேன். பாதி போனதும் ரோலரில் சுற்றிக்கொண்டது. பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பதறிப்போய் இழுத்தேன். இடது பாதி கையோடு வந்தது. வலது பாதியை ஸ்கேலால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன், ஓர் எழுத்துகூடத் தேறவில்லை. மிஞ்சியதில் சவரிமுத்து என்ற பெயரும், நன்னடத்தை என்று பொருள்படும் ஓர் இங்கிலீஷ் வார்த்தையும் இருந்தன. எந்தப் படை, என்ன நம்பர், எங்கே சண்டை போட்டார் என்பதெல்லாம் ரோலரோடு போய்விட்டது.

எனக்குப் பின்னாலேயே ஜெராக்ஸ் மிஷின் நின்றுகொண்டிருந்தது. முதலில் ஒரு காப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பிழைப்பே காப்பி எடுப்பதுதான்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். முக்காலியில் உட்கார்ந்து அந்தப் பாதியைப் பார்த்தார். "பரவால்ல அப்பு. இன்னொருத்தருக்கு ஆகாமப் பாத்துக்குவோம்" என்றார். மறுநாள் காலையில் விசிலோடு வந்துவிட்டார்.

பட்டாளத்து ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு எழுதிப்போட்டோம். எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. சர்டிபிகேட்டில் என்ன இருந்தது என்று தேடிச் சொல்ல, அந்தச் சர்டிபிகேட்டின் முழு நகலை இணைத்து அனுப்ப வேண்டுமாம். அதைப் படித்து அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதன் பிறகுதான் அவருக்கு அந்தக் கிறுக்கு முழுசாகப் பிடித்தது. சுற்றுப்பட்டு ஊர்களில் பட்டாளத்துக்குப் போனவர்கள் வீட்டு சர்டிபிகேட்டையும் மெடலையும் சேகரித்து, பொது அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும்.

"வச்சா?" என்று கேட்டேன்.

"நாலு சனம் வந்து படிக்கும்ல. யாராச்சும் ஒருத்தரு, 'எங்க தாத்தாகூட திண்டுக்கல்லுக்காரரு சவரிமுத்துன்னு ஒருத்தரு இருந்தாராம்'னு சொல்ல மாட்டாரா? ஒரு ஊர்ப் பேரு கெடைச்சாப் போதும் அப்பு."

இது நடக்காது என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

பென்ஷன்காரருக்குள்ள பாஸை வைத்துக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறினார். வேடசந்தூர் மில் பஸ்ஸில் அவர் ஏறினால் தூங்குகிற ஆட்கள் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொள்வார்களாம். "எந்திரி. ஒங்க வீட்ல பட்டாளத்துக்காரரு யாரும் உண்டா?" என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார். டிக்கெட் கேட்ட காலத்தில்கூட அவ்வளவு கறார் கிடையாது.

சித்தையன்கோட்டையில் ஓர் அம்மாள், மாமனாரின், ராஜா முகம் பொறித்த மெடலைத் தீபாவளி தவறாமல் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார்.

"ராசாவுக்கு மூக்கே இல்லையேம்மா" என்றாராம் இவர்.

"மூக்கு கெடக்கு, பளிச்சுனு இருக்கா இல்லையா?"

நெய்க்காரப்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில் மெடல் பசுமாட்டின் கழுத்தில் தொங்கியது. கேட்டதற்கு, "ஏனுங்க, அதைய கழட்டிட்டா மாட்டுக்கு ஒரு அடையாளம் வேணுமில்லீங்க?" என்று வீட்டுக்காரர் நியாயம் பேசியிருக்கிறார். இவர் யோசிக்கவே இல்லை. ஓய்வு பெற்ற அன்று சக கண்டக்டர்கள் போட்ட பதக்கத்தை மறுநாள் கொண்டுபோய் மாட்டின் கழுத்தில் கட்டிவிட்டு, போர் மெடலை வாங்கி வந்தார். அந்த மாடு, அப்பழுக்கில்லாமல் பணியாற்றியதற்கான பாராட்டோடு இன்னமும் மேய்ந்துகொண்டிருக்கும்.

ஆறு வருஷம் இப்படிப் போனது. கிடைத்த காகிதங்களைப் பரீட்சை அட்டைகளுக்கு இடையில், வெள்ளைத் தாள் வைத்து, வெயில் படாமல் வைத்திருந்தார். காய்ந்த கையால்தான் தொடுவார், என்னைத் தொட விடவே மாட்டார். ஒவ்வொன்றையும் இங்கிலீஷ் தெரிந்தவர்களிடம் காட்டி வரி விடாமல் படிக்கச் சொல்லிக் கேட்டார். எதிலும் சவரிமுத்து இல்லை.

அருங்காட்சியகத்துக்கு நடையாய் நடந்தது தனிக் கதை. எது என்று சொல்ல மாட்டேன், நாளைக்கும் நான் அந்த வழியாகப் போக வேண்டும். காகிதம் கொடுத்த வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் கேட்டார்கள், கொடுத்தார். வீட்டுக்காரர்தான் வாரிசு என்பதற்குச் சான்று கேட்டார்கள், கொடுத்தார். கடைசியில் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, சவரிமுத்துவின் பாதியை மட்டும் திருப்பித் தந்தார்கள். கிழிந்த ஆவணத்தை ஏற்க விதியில்லையாம்.

"அது கெடக்குது விடு. மத்ததெல்லாம் போய்ச் சேந்துருச்சுல்ல" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

காட்சிக்கு வைத்தாயிற்று என்று தகவல் வந்ததும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிப் போனார். கூடத்துக்குள் நுழைந்தோம். தூரத்திலேயே தெரிந்துவிட்டது. டியூப்லைட் வெளிச்சத்தில் சுவர் முழுக்கப் பளபளத்தது.

காகிதம் அத்தனையையும் லேமினேட் செய்து மாட்டியிருந்தார்கள்.

"பெரியவரே, எப்படி இருக்கு? இனி நூறு வருசம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது" என்றார் பொறுப்பாளர். நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார். மசி ஏற்கெனவே மங்கியிருந்த இரண்டு மூன்று தாள்கள் வெறும் பழுப்பாகிவிட்டன. மற்றவற்றை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் விளக்குத்தான் தெரிந்தது. ஒரு வரி படிக்க முடியவில்லை. வந்தவர்கள் பளபளப்பைப் பார்த்துவிட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். யாரும் படிக்கப் போவதில்லை. யாரும் சவரிமுத்துவைப் பற்றிச் சொல்லப் போவதில்லை.

அவர் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார். ஒரே ஒரு விசில். கூடமே அதிர்ந்தது.

காவலாளி ஓடிவந்து, "இங்க விசிலடிக்கக் கூடாதுய்யா" என்றார்.

"இல்லப்பா, நிப்பாட்டலாமேன்னு பாத்தேன்" என்றார் இவர்.

அதன் பிறகு இரண்டு மாதம் கடைப் பக்கம் வரவில்லை. நானே அவர் வீட்டுத் தெரு வரை போய்விட்டு இரண்டு தடவை திரும்பி வந்திருக்கிறேன். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவரே வந்தார். முக்காலியில் உட்காராமல், பையிலிருந்து பரீட்சை அட்டையை எடுத்துப் பிரித்து, அந்தப் பாதிச் சர்டிபிகேட்டை என் முன்னால் வைத்தார்.

"அப்பு, நீ பாதியில விட்ட வேலை. முடிச்சிரு."

"என்னண்ணே சொல்றீங்க?"

"அம்புட்டும் பிளாஸ்டிக்குக்குள்ள போயிருச்சு. இது மட்டும் வெளிய கெடந்து என்ன பண்ணப்போகுது? போட்டுரு."

சொல்லிவிட்டு விசிலை வாயில் வைத்து இரண்டு தடவை ஊதினார். என் கடையில் அவர் இரண்டு விசில் கொடுத்தது அதுதான் முதல் முறை. காற்றே இல்லாமல் வந்தது.

மிஷின் சூடேறித் தயாராக இருந்தது. நான் கையைப் பின்னால் விட்டு பிளக்கைப் பிடுங்கினேன்.

"மிஷின் ரிப்பேருண்ணே."

அவர் மிஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னாச்சு?"

"பார்ட்ஸ் போச்சு. கோயமுத்தூர்ல இருந்து வரணும்."

"எப்ப வரும்?"

"தெரியலண்ணே."

காகிதத்தை மறுபடி அட்டைக்குள் வைத்துக்கொண்டார். டீ சொன்னேன், குடித்துவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் அதே பையோடு வருகிறார். அவர் ரோட்டைக் கடப்பது தெரிந்ததும் நான் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். வேலை பாதியில் நிற்கும் வாடிக்கையாளர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். சூடான பிளாஸ்டிக் வாடை கடை முழுக்க இருக்கும். கூட்டத்தில் டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்த கண்டக்டருக்கு அது தெரியாமலா இருக்கும்?

"பார்ட்ஸ் வந்துச்சா அப்பு?"

"இன்னும் வரலண்ணே."

"சரி, அடுத்த வாரம் பாப்போம்" என்பார். பையை மடியில் வைத்து அதன் மேல் கையை வைத்துக்கொள்வார்.

அவர் இருக்கிற வரைக்கும் அந்தப் பார்ட்ஸ் வராது.