கறுப்புப் பூனையை மீட்டு வந்த விவரம்

அரியலூர்,
13-6-2004, ஞாயிறு

அன்பு மைத்துனன் ராஜவேலுக்கு,

மாமா தர்மராஜ் எழுதுவது. நீயும் பரிமளாவும் வாலிகண்டபுரம் கோயில் வேலையை முடித்துக்கொண்டு இன்று சாயங்காலத்துக்குள் பெரம்பலூர் திரும்பிவிடுவீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் ஒன்றுமில்லை. நேற்று சாயங்காலம் முதல் உன் அக்கா பஞ்சவர்ணம் என்னோடு மறுபடி பேசுகிறாள். அந்தச் சந்தோஷத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும், அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

எல்லாம் உன் யோசனையால் வந்தது. எங்கள் வீட்டுக் கறுப்புப் பூனை கருவாட்டுப் பானையைக் காலி செய்வதைச் சொல்லிப் புலம்பியபோது, "சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தாண்ட விடுற வேலையெல்லாம் வேணாம் மாமா, எங்க ஊர்ல புதுசா பிராணிகள் காப்பகம் தொறந்திருக்காங்க, அங்க வுட்டா ராஜா மாதிரி பாத்துக்குவாங்க" என்றாய். நானும் நம்பி, போன திங்கட்கிழமை உன் அக்கா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, பூனையைக் கூடையில் அமுக்கி, மேலே துணியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். வழி நெடுக அது கத்தியது. பக்கத்து சீட்டுக்காரர் "பச்சப்புள்ளைங்களா?" என்று கேட்டார். "ஆமாங்க, பசி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். காப்பகத்தில் மலர்க்கொடி என்று ஒரு அம்மாள் பொறுப்பாக இருந்தார். "பூனை யாரோடதுங்க?" என்றார். நாய் என்றால் என்னுடையது என்று சொல்லலாம். பூனையை நம் பக்கத்தில் யார் வளர்க்கிறார்கள்? அதுவாக வருகிறது, அதுவாகத் தின்கிறது, குறுக்கே போனால் நம்மை முறைக்கிறது. வீட்டுப் பூனையைத் தள்ளிவிட வந்திருக்கிறான் என்று நினைத்துவிடுவாரோ என்ற வெட்கமும் சேர்ந்துகொள்ள, "யாரோடதும் இல்லைங்க, தெருவுல திரிஞ்சுது" என்று சொல்லி ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

அப்புறம் உன் அக்கா பால் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்ததைப் பார்க்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுப் பிச்சைமுத்து, பெரம்பலூர் போய் வந்த கதையை எங்கள் வாசலில் நின்று சொன்னார். காப்பகத்தில் கூண்டு போதவில்லையாம். கேட்பாரற்ற பூனைக்கு ஒரு வாரம்தான் தவணையாம். அதற்குள் யாரும் தேடி வராவிட்டால், அதிலும் சீறுகிற பூனையாக இருந்துவிட்டால், ஊசி போட்டுக் கதையை முடித்துவிடுவார்களாம். நம் பூனை என்னைக் கண்டாலே சீறும். என் முகம் வெளுத்ததைப் பார்த்ததுமே உன் அக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "பூனையக் கொன்னா தங்கத்துல பூனை செஞ்சு காசியில வுடணும். எந்தாலியோட சேத்து உருக்குனாலும் அதோட வாலுக்குக்கூடக் காணாது. உசுரோட கொண்டாந்தா வூட்டுக்கு வாங்க, இல்லாட்டி அங்கயே ஒரு கூண்டுல இருந்துக்குங்க" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். உன் வீடு பூட்டிக் கிடந்தது. காப்பகத்தில் போய்ப் பார்த்தால் வரிசையாகக் கறுப்புப் பூனைகள். "இதுல உங்களுது எதுங்க?" என்று மலர்க்கொடி கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது, நான் அதன் முகத்தை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. கருவாட்டோடு ஓடும்போது தெரிகிற பின்பக்கம்தான் எனக்குப் பழக்கம். "எல்லாத்தையும் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கம்மா" என்றேன். "பொண்ணு பாக்கப் போனாக்கூட மொகத்தத்தாங்க பாப்பாங்க" என்றார். சிரிக்க முடியவில்லை ராஜவேல். அவை ஒவ்வொன்றும் கம்பிக்குப் பக்கத்தில் வந்து என்னையே பார்த்தன. அப்போது மூலைக் கூண்டில் ஒன்று என்னைப் பார்த்து உடம்பை வளைத்துச் சீறியது பார், "இதாங்க! என்னை அடையாளம் கண்டுக்கிச்சு" என்று கத்தியே விட்டேன். வீடு வந்தபோது கரண்ட் இல்லை. உன் அக்கா இருட்டிலேயே அதைக் கட்டிக்கொண்டு அழுதாள், பால் வைத்தாள். அது குடித்துவிட்டுப் பரணில் ஏறிப் படுத்துக்கொண்டது. "நீங்க சாப்ட்டீங்களா?" என்று என்னையும் கேட்டாள். எனக்கு வேறென்ன வேண்டும்?

பரிமளாவுக்கு எங்கள் ஆசிகள். உங்கள் வீட்டில் பாலும் சோறும் குறைவில்லாமல் பொங்கட்டும். எங்கள் பூனையைப் பற்றி இனி நீ கவலைப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
மாமா தர்மராஜ்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போதுதான் பூனை பரணிலிருந்து இறங்கி வந்தது. உன் அக்கா வெளிச்சத்தில் மடியில் போட்டுப் பார்த்தாள். நம்முடையது பொட்டை. இது கடுவன். நம் பூனை இன்னும் அங்கேதான் இருக்கிறது, நாளையோடு அதன் தவணை முடிகிறது. "இதைக் குடுத்துட்டு அதை வாங்கியாறேன்" என்றேன். "குடுத்தா இதுக்கு ஊசி போட மாட்டாங்களா?" என்று அதை முந்தானையில் மூடிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் காப்பகத்தில் போனை எடுக்க ஆளில்லை. அதனால் இதைத் தபாலில் போடாமல், இப்போது பெரம்பலூர் கிளம்பும் லாரி டிரைவர் மணிவேலிடம் கொடுத்தனுப்புகிறேன். நாங்கள் இருவரும் காலை முதல் பஸ்ஸில் வருகிறோம். பஸ்ஸை நம்ப முடியாது, நீ விடிந்ததும் காப்பக வாசலில் போய் நின்றுகொள். உனக்கும் அதன் முகம் தெரியாது. யாராவது கேட்டால், உள்ளே இருக்கிற கறுப்புப் பூனை அத்தனையும் எங்களுடையது என்று சொல்லிவிடு.