விலாசினியின் மதிலோரம் ஒரு அரிய வகை

பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவில் பொன்விளை முக்கு என்று ஒரு பஸ் நிறுத்தம் உண்டு. நிழற்குடை உண்டு, அதைத் திறந்து வைத்தவரின் பெயர் நிழற்குடையை விடப் பெரிதாக உண்டு. கழிப்பறை மட்டும் கிடையாது. அந்தக் குறையை ஐந்து வருடமாக விலாசினியின் வீட்டு மதில் தீர்த்து வந்தது. ஆண்கள் மதிலைப் பார்த்து நிற்பார்கள். பெண்கள் மதிலைச் சுற்றிப் போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். நானும் அந்த மதிலோரம் நின்றவன்தான். மறைத்து என்ன ஆகப் போகிறது?

மதிலுக்கு அந்தப் பக்கம் விலாசினியின் கிணறு. வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துப் பிழைப்பவள். கிணற்றுத் தண்ணீரில் வாடை வந்த நாள் முதல் அவள் பஞ்சாயத்துக்கு மனு எழுத ஆரம்பித்தாள். ஏழாவது மனுவுக்குப் பிறகு விஷயம் 'பரிசீலனை'யிலிருந்து 'தீவிர பரிசீலனை'க்கு முன்னேறியது. பன்னிரண்டாவது மனுவுக்குக் கழிப்பறை அனுமதியாகி, அடிக்கல்லும் நாட்டினார்கள். வந்தவர்களுக்கு விலாசினி பாயசம் கொடுத்தாள். கிணற்றுத் தண்ணீரில் வைக்க மனசு வராமல், பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து வைத்த பாயசம்.

அடுத்த வாரம் ரெஜித் அந்தப் படத்தை எடுத்தான். எஞ்சினியரிங் முடித்துவிட்டுக் கேமரா வாங்கியவன். கறுப்புச் சிறகு, பச்சைப் பட்டை, பின்னால் வால். மதிலோர ஈரமண்ணில் ஒரு வண்ணத்துப்பூச்சி. எண்பது வருடமாக இந்தப் பக்கம் யாரும் கண்டதில்லையாம். அதற்கு லத்தீனில் ஒரு பெயர் உண்டு. வார்டு மெம்பர் அதை மேடையில் சொல்லப் பார்த்து, பாதியில் சோடா குடித்தார்.

படம் பரவிய மறுநாளே திருவனந்தபுரத்திலிருந்து பூச்சிப் பிரியர்களின் கார்கள் வந்தன. இறங்கியவர்கள் எல்லோரும் பட்டாளத்துப் பச்சைச் சட்டை போட்டிருந்தார்கள். அதற்கு மேல் பதினாலு பாக்கெட் வைத்த கோட்டு. காட்டில் ஒளிந்துகொள்ள உதவும் உடுப்பு. பஸ் நிறுத்தத்தில் அவ்வளவாக உதவவில்லை. ரெஜித்தும் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு அவர்களோடு மதிலோரம் குப்புறப் படுத்தான்.

"எலே ரெஜித், எந்திரிச்சு வா மக்கா. நீ கெடக்கிய எடம் எதுன்னு தெரியுமா?" என்றாள் விலாசினி.

"தெரியும் மாமி. மினரல் உள்ள மண்ணு."

"மினரல் இல்லடே. மூத்திரம் ஆக்கும்."

"சயன்ஸ்ல அதுக்கு மினரல்னுதான் பேரு மாமி."

அந்தச் சட்டையைத் துவைத்தவள் அவன் அம்மா. அவளிடமும் மினரல் என்றுதான் சொல்லியிருக்கிறான்.

கிணற்றைப் பார்க்க ஐந்து வருடத்தில் ஒருவரும் வரவில்லை. பூச்சியைப் பார்க்க நாலு ஜீப்பில் வந்தார்கள். அரசு அமைத்த குழு, 'வண்ணத்துப்பூச்சி வாழிட அவசரக் குழு' என்று பெயர். செயலாளர் விமலகுமாரி மேடம். ஆண் பூச்சிகள் உப்பு உறிஞ்ச ஈரமண்ணுக்கு வரும் என்று நிபுணர் விளக்கினார்.

"இந்த உப்பு எங்கேருந்து வருது?" என்று மேடம் கேட்டார். கூட்டத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்தோம்.

"நான் சொல்லுகேன் மேடம்," என்றாள் விலாசினி. "பன்னிரண்டு மனுவுல எழுதினதாக்கும்."

மேடம் கோப்பைப் புரட்டினார். முகம் கவலையானது. "அப்போ கழிப்பறை வந்தா ஆம்பளைய எல்லாம் அங்க போயிருவாவளே."

"அதுக்குத்தானே மேடம் கழிப்பறை?"

"உப்பு நின்னுருமே."

"நிக்கணும் மேடம்."

"அப்புறம் பூச்சிக்கு யாரு பதில் சொல்லுவா?"

"என் கிணத்துக்கு யாரு பதில் சொல்லுவா?"

மேடம் நிபுணரைப் பார்த்தார். "கிணறு அரிய வகையா?"

இல்லை என்றார் நிபுணர். ஊரில் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கிறதே.

கழிப்பறை மறு உத்தரவு வரை நிறுத்தப்பட்டது. அடிக்கல்லைச் சாக்கால் மூடினார்கள். மதிலோரம் கம்பி வேலி போட்டு, பூச்சியைக் கண்காணிக்கக் கேமராவும் வைத்தார்கள். கேமரா முன்னால் நிற்க யாருக்கு மனம் வரும்? நான் ரப்பர் தோட்டத்துப் பக்கம் மாறினேன். பத்து நாளில் மண் காய்ந்தது. கிணற்று வாடை குறைந்தது. அந்தப் பக்கத்து ஜன்னலை விலாசினி ஐந்து வருடத்துக்குப் பிறகு திறந்தாள். அவள் அன்று சந்தோஷப்பட்டதை நான் கண்ணால் கண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆனால் பூச்சி வரவில்லை. குழு அவசரமாகக் கூடியது. வேலியும் கேமராவும் அகற்றப்பட்டன. 'பொதுமக்கள் வழக்கம்போல் ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்று அறிவிப்பு ஒட்டினார்கள். 'இங்கே மூத்திரம் பெய்யாதீர்' என்று விலாசினி எழுதி வைத்திருந்த பலகையை, வாழிடத்துக்கு ஊறு விளைவிக்கும் வாசகம் என்று எடுத்துப் போனார்கள். நாங்கள் ஒத்துழைத்தோம். ஜன்னல் மறுபடி மூடிக்கொண்டது.

இதற்குள் ஊருக்கு ஒரு புத்தி வந்திருந்தது. வண்ணத்துப்பூச்சி வந்தால் வேலியும் கேமராவும் வரும். அவை வந்தால் மதில் காயும். மதில் நனைகிற எல்லோரும் எழுதினார்கள், எங்கள் இடத்திலும் பூச்சியைக் கண்டோம் என்று. பள்ளிக்கூடம், சர்ச், வாசகசாலை, பஞ்சாயத்து ஆபீஸின் பின்சுவருக்காக அதன் ஊழியர்களே. நாற்பத்தொரு மனு. எல்லாவற்றிலும் ரெஜித் எடுத்த அதே படம். நாற்பத்தொன்றிலும் மேடம் கையெழுத்துப் போட்டார். வேலிக்கும் கேமராவுக்கும் நிதி இல்லை. அந்த இடங்களில் கட்ட இருந்த கழிப்பறைகளை நிறுத்துவதற்கு நிதி தேவைப்படவில்லை.

ஒரே பஞ்சாயத்தில் நாற்பத்தொரு வாழிடம் என்றால் சும்மாவா? விருது கிடைத்தது. விழாப் பந்தலைப் பொன்விளை முக்கிலேயே போட்டார்கள். வாழ்த்துரை மூன்று மணி நேரம் நடந்தது. மேடையில் இருந்தவர்களுக்கு இளநீர் கொடுத்தபடியே இருந்தார்கள். நாலாவது வாழ்த்துரையின் நடுவில் விமலகுமாரி மேடம் எழுந்து, மதிலைச் சுற்றி நடந்து, விலாசினியின் கதவைத் தட்டினார்.

"சேச்சி, ஒரு நிமிஷம் பாத்ரூம்..."

விலாசினி தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். "தரலாம் மேடம். ஆனா நேத்து அதுக்குள்ள ஒரு வண்ணத்துப்பூச்சியக் கண்டேன். உங்க உத்தரவுப்படி பூட்டியாச்சு."

மேடம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். ஆனாலும் பழக்கம் விடவில்லை. "போட்டோ உண்டுமா?"

"உண்டு." விலாசினி போனை நீட்டினாள். அதே படம்.

இது பொய் என்று சொன்னால் நாற்பத்தொரு கையெழுத்தும் பொய்யாகும். வெளியே விருதை மேசைமேல் தயாராக வைத்திருந்தார்கள். மேடம் படத்தைப் பார்த்தார், விலாசினியைப் பார்த்தார், கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அங்கேயே நாற்பத்திரண்டாவது வாழிடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ரப்பர் தோட்டத்தை நோக்கி வேகமாக நடந்தார்.

மறுநாள் காலையில் இரண்டு பேர் வந்து பாத்ரூமை அளந்து சீல் வைத்தார்கள். சும்மா சொன்னேன் என்றாள் விலாசினி. அப்படியானால் மனு எழுதிக் கொடுங்கள், பரிசீலிப்போம் என்றார்கள்.

பாத்ரூமுக்காக அமரவிளையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக விலாசினி பொன்விளை முக்குக்கு வந்து நின்றாள். பஸ் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்று நான்தான் சொன்னேன். அவள் தன் மதிலையே பார்த்துக்கொண்டிருந்ததால், நானும் ரப்பர் தோட்டம் வரைக்கும் நடக்க வேண்டியதாயிற்று. அங்கே ஏற்கெனவே வரிசை நின்றது.